அடியில் படுப்பவரைக் கேட்டீர்களா?

எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிறவர்கள் பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்கள். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பலகை பின்னால் போயிருக்கும். 2019 வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். ரோட்டுக்கும் பெயர் மாறிவிட்டது. என்.எச். 68 என்று இருந்தது இன்று என்.எச். 79. மாறாதது ஒன்று உண்டு. ரோட்டோரப் புளியமரத்து நிழலில், லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருக்கும் மனிதர். கால் இரண்டும் வெளியே தெரியும், முகம் தெரியாது.

போன கோடையில் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எலவனாசூர்கோட்டை தாண்டுவதற்குள் கார் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. (பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் உபயோகப்படும்.) டிரைவர் டயரை உருட்டிக்கொண்டு ஊருக்குள் போனார். நான் பக்கத்திலிருந்த லாரிப் பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

பத்துச் சக்கர லாரி. கடலூர் பக்கமிருந்து ஓசூருக்குப் போகிற லோடு. பின்பக்க வலது சக்கரங்களைக் கழற்றி, அச்சுக்கு அடியில் கட்டை அடுக்கியிருந்தார்கள். ஐம்பது வயது மேஸ்திரி ஒருவர் அடியிலிருந்து நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். உடம்பெல்லாம் கறுப்பு. கண் மட்டும் வெள்ளை.

“என்ன ரிப்பேர் மேஸ்திரி?”

“பிரேக் லைனர் தேஞ்சு போச்சு சார். ஷூ மாத்தணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஷூ மாத்தறது இருபது நிமிஷம் சார். ஷூ இருக்கிற எடத்துக்குப் போய்ச் சேர்றதுதான் அஞ்சு மணி நேரம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தாராம், அப்போது மணி பதினொன்றரை.

போய்ச் சேருகிற வழியைச் சொன்னார். முதலில் இரட்டைச் சக்கரம். அப்புறம் ஆக்சில் ஷாஃப்டை உருவ வேண்டும். அதற்குப் பின்னால் பேரிங் நட்டு. அதைக் கழற்றினால்தான் ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே வெளியே வரும். ஒரு ஆள் தூக்குகிற எடை இல்லை. இறக்கும்போது ஆயில் சீல் போச்சு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நல்ல பேரிங், நேற்று வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பேரிங், பிரேக்குக்காக வெளியே வந்து ரோட்டுப் புழுதியைத் தின்கிறது. இத்தனையும் எதற்கு? அந்த வண்டியில் டிரம்மை ஹப்புக்கு உள்பக்கமாக மாட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கமாக மாட்டியிருந்தால் சக்கரத்தைக் கழற்றியதும் டிரம் தனியாகக் கையோடு வந்துவிடும். ஹப்பைத் தொடவே வேண்டாம். “அப்படி வர்ற வண்டிங்களும் இதே ரோட்டுல ஓடுது சார்” என்றார் மேஸ்திரி.

அதோடு முடியவில்லை. கேம்ஷாஃப்ட் புஷ்ஷும் தேய்ந்திருந்தது. ஷாஃப்டை உருவணும் என்றால் பிரேக் சேம்பரை நகர்த்த வேண்டும். சேம்பர் ஒரு இரும்புத் தாங்கியில் நிற்கிறது. தாங்கிக்கு நாலு போல்ட். இரண்டு கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற இரண்டும் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒளிந்திருக்கின்றன. கை போகும், ஸ்பானர் போகாது. ஸ்பானர் போனால் திரும்பாது. மேஸ்திரி ஒரு விநோதமான ஸ்பானரை எடுத்துக் காட்டினார். பாதியில் அறுத்து, சூடு காட்டி வளைத்து, மறுபடி வெல்டு வைத்தது. எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த இரண்டு போல்ட்டுக்காகவே அவர் பிறப்பித்த பிள்ளை.

“இத டிசைன் பண்ணவரு ஒரு நாளாவது இதுக்கு அடியில படுத்திருப்பாரா சார்?”

பதில் சொல்ல வேண்டியவர்கள் ஏ.சி. அறையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை. ஆனால் முதலில், பிரேக் என்றால் மிதிப்பது மட்டுமே தெரிந்த என்னைப் போன்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

லாரி பிரேக் காற்றில் வேலை செய்கிறது. மிதித்ததும் அழுத்தமான காற்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்திலிருக்கும் சேம்பருக்குள் போகிறது. அகலமான டப்பா மாதிரி இருக்கும், அதுதான் சேம்பர். அதற்குள் இருக்கிற ரப்பர் உறை ஒரு கம்பியை வெளியே தள்ளும். கம்பி ஒரு நெம்புகோலைத் தள்ளும். அதன் பெயர் ஸ்லாக் அட்ஜஸ்டர். அது ஒரு ஷாஃப்டைத் திருப்பும். ஷாஃப்டின் நுனியில் ஆங்கில எஸ் எழுத்து மாதிரி ஒரு கேம். கேம் திரும்பினால் இரண்டு ஷூவும் விரிந்து, சுற்றுகிற டிரம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். இவ்வளவுதான். அந்தக் காலத்து மாட்டு வண்டியில் இறக்கத்தில் சக்கரத்தோடு உரசுகிற மாதிரி ஒரு கட்டையைக் கட்டியிருப்பார்களே, அதேதான். சைக்கிள் பிரேக்கில் இன்னமும் ‘கட்டை’ என்றுதான் சொல்கிறோம். ஒரு வித்தியாசம். மாட்டு வண்டிக் கட்டை தேய்ந்தால் வண்டிக்காரரே வேறு கட்டை வைத்துக் கட்டிவிடுவார். சைக்கிள் கட்டையைப் பள்ளிக்கூடப் பையன் மாற்றுவான். இருபத்தைந்து டன்னைத் தாண்டிய வண்டியின் கட்டையை மாற்றத்தான் ஒரு நாள் வேண்டியிருக்கிறது.

இதில் உயிர் போகிற விஷயம் எங்கே வருகிறது தெரியுமா? அந்தக் கம்பி எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதில். சாதாரணமாகப் பெரிய லாரிகளில் இருக்கிற ‘30’ அளவு சேம்பரில் கம்பி மொத்தமே இரண்டரை அங்குலம்தான் நகர முடியும். இரண்டு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது என்று அர்த்தம். லைனர் தேயத் தேயக் கம்பி அதிக தூரம் வர வேண்டும். புஷ் தேய்ந்தால் இன்னும் கொஞ்சம். இத்தனைக்கும் மேலே, மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரிகிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது. கம்பி தன் கடைசி எல்லைக்குப் போய் நின்றுவிடுகிறது. டிரைவர் மிதிக்கிறார், காற்று போகிறது, கம்பியும் வருகிறது. ஆனால் ஷூ அழுத்தவில்லை. சமவெளியில் அதே பிரேக் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கும். எலவனாசூர்கோட்டையில் பாஸ், தொப்பூரில் ஃபெயில்.

தொப்பூர் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வரும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்குகிற அந்தக் கணவாய். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து, முன்னால் நின்றிருந்த கார்கள் மீது வரிசையாக மோதியது. நான்கு பேர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அங்கே நடந்ததற்குக் கணக்கு எழுத ஒரு தனி நோட்டு வேண்டும். ஒவ்வொரு முறையும் செய்தி ஒன்றுதான்: ‘பிரேக் பிடிக்காததால்’. அல்லது ‘டிரைவர் அதிவேகம்’. வழக்கு டிரைவர் மேல். அவர் ஓடிப்போயிருந்தால் ‘தப்பியோடிய டிரைவரைத் தேடி வருகிறார்கள்’. செய்தி முடிந்தது, நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

டிரைவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தற்கொலைக்குச் சமம், கூடவே கொலை. ஆனால் 2022-இல் இந்த நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று அரசே சொல்கிறது. இந்த எண்ணிக்கைக்கு முன்னால் ‘டிரைவர் தவறு’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை ஒரு காரியம் செய்தார்கள். லாரி சம்பந்தப்பட்ட சுமார் ஆயிரம் பெரிய விபத்துகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வண்டியை அடியில் புகுந்து சோதித்தார்கள். லாரிகளில் 29 சதவிகிதத்தில் பிரேக்கில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு விபத்துக்கும் அதுவே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அடியில் பார்த்தால்தான் அது தெரிய வருகிறது. அதுவும் தானாகவே அட்ஜஸ்ட் ஆகிற ஸ்லாக் அட்ஜஸ்டரைப் புது வண்டிகளுக்கு 1994-லேயே கட்டாயமாக்கிய நாட்டில்!

அந்தத் தானியங்கி ஸ்லாக் பற்றி ஒரு கதை. 2003 ஏப்ரலில் பென்சில்வேனியா மாநிலத்தில் கிளென் ராக் என்ற சின்ன ஊரின் செங்குத்தான தெருவில் ஒரு டிப்பர் லாரி பிரேக் இல்லாமல் இறங்கி, நான்கு கார்களில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். விசாரித்த மத்திய விபத்து விசாரணை அமைப்பு கண்டுபிடித்தது இது: ஸ்லாக் அட்ஜஸ்டர் தானாக வேலை செய்யாமல் போனதும் மெக்கானிக்குகள் அதைக் கையால் திருகிச் சரிசெய்துகொண்டே வந்திருக்கிறார்கள். அன்றைக்குச் சரியாகிவிடும், நாலு நாளில் பழையபடி. ஏன் தானாக வேலை செய்யவில்லை என்று யாரும் பார்க்கவில்லை. தானியங்கியைக் கையால் திருகினால் நோய் மறையும், போகாது என்று அந்த அமைப்பு எச்சரித்தது.

நம்ம மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். “இங்கயும் அதே கதைதான் சார்” என்று ஒரு இடத்தைக் காட்டினார். பல தானியங்கி ஸ்லாக்குகளில் ஒரு சின்னக் கை இருக்கிறது. அதை அச்சோடு இணைப்பது ஒரு சின்ன இரும்புத் துண்டு. அந்தத் துண்டு வளைந்தாலோ, போல்ட் உதிர்ந்தாலோ, தானியங்கி தன் வேலையை மறந்துவிடும். அது எங்கே இருக்கிறது? கல் தெறிக்கிற இடத்தில், சேறு அப்புகிற இடத்தில், டார்ச் அடித்தாலும் தெரியாத இடத்தில். உயிரைக் காப்பாற்றும் கருவியைச் செய்துவிட்டு, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஜன்னல்கூட வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இதைத்தான் நான் குற்றச்சாட்டாக வைக்கிறேன். வேகம், எடை, வெப்பம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு பிரேக்கை அமைக்கிறார்கள், சரி. அதைத் தொடப்போகிற கைக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

இன்ஜினீயர் நண்பர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். “சும்மா எழுதாதே. மாட்டுவதற்கு எளிதாக இருக்கணும் என்பது எங்கள் பாலபாடம். அதற்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது” என்றார். இருக்கிறது, எனக்கும் தெரியும். ஜெஃப்ரி பூத்ராய்ட் என்கிற பேராசிரியர் எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து வளர்த்தது. இந்த உதிரி தனியாக இருந்தே ஆகணுமா, பக்கத்து உதிரியோடு சேர்க்க முடியாதா, தப்பாக மாட்ட முடியாதபடி செய்ய முடியாதா என்று ஒவ்வொரு போல்ட்டையும் குறுக்கு விசாரணை செய்வது. அருமையான விஷயம். ஆனால் யார் மாட்டுவதற்கு எளிது?

பல லாரித் தொழிற்சாலைகளில் வண்டியின் சட்டத்தை முதலில் தலைகீழாகப் போடுவார்கள். அச்சு, ஸ்பிரிங், சேம்பர் எல்லாவற்றையும் மேலிருந்து, நின்றபடி, நல்ல வெளிச்சத்தில், தொங்குகிற காற்று ஸ்பானரால் மாட்டுவார்கள். சக்கரம் இன்னும் வரவில்லை, சேறும் துருவும் இல்லை. டர்ர்ர் என்று ஒரு சத்தம், நாலு போல்ட்டும் முடிந்தது. அப்புறம் சட்டத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து, மேலே இருந்த போல்ட் அடியில் போய்விடுகிறது. தொழிற்சாலையில் நாற்பது செகண்டில் மாட்டியது எலவனாசூர்கோட்டையில் நாற்பது நிமிஷம். மாட்டியவருக்குச் சம்பளம் வந்துவிட்டது. கழற்றுகிறவருக்குக் கை எலும்பு போகிறது.

மாட்ட எளிது, கழற்ற எளிது இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் ஆரம்பக் கோளாறே. சில சமயம் ஒன்றுக்கொன்று விரோதிகூட. பத்து போல்ட்டுக்குப் பதில் வெல்டு வைத்தால் தொழிற்சாலைக்கு லாபம், பட்டறைக்குச் சாபம். இரண்டையும் சேர்த்து யோசிப்பதுதான் வடிவமைப்பு. அது முடியாததும் இல்லை. அமெரிக்க லாரிகளில் பல பத்தாண்டுகளாக ஒரு வகை ஷூ இருக்கிறது. அடிப்பக்கம் பின் நுழையும் இடத்தில் முழு ஓட்டைக்குப் பதிலாகத் திறந்த அரைவட்டம். துருப்பிடித்த பின்னைச் சுத்தியலால் அடித்து வெளியே எடுக்கத் தேவையே இல்லை. ஸ்பிரிங்கை விடுவித்து, ரோலரை எடுத்தால் ஷூ கையில் வந்துவிடும். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு ஓட்டையைப் பாதியாக்கினார்கள், அவ்வளவுதான். ஐரோப்பாவில் தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே பெரிய லாரிகளுக்கும் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றி, ஒரு பட்டியை விடுவித்தால் பேட் வெளியே. எல்லோரும் டிஸ்க்குக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை, நம் புழுதிக்கும் லோடுக்கும் பணப்பைக்கும் டிரம்முக்கு நியாயம் இருக்கலாம். டிரம்மையே நல்ல மாதிரி மாட்டலாமே என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு கொடுமை, இரட்டைப் பிள்ளைகள். இடது கேமும் வலது கேமும் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாற்றி மாட்டினால் பிரேக் கெட்டது. ‘24’ அளவு சேம்பரும் ‘30’ அளவு சேம்பரும் சேறு அப்பிய பிறகு ஒன்றுபோலத் தெரியும். ஒரே அச்சில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று மாட்டிவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்லாக் அட்ஜஸ்டரில் சிலதில் இரண்டு மூன்று ஓட்டைகள். எதில் கம்பியை மாட்டுவது? அரை அங்குலம் மாறினாலும் விசை மாறிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு, செல்போன் வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில் மாட்டுகிறவர் தப்பு செய்தால் அது யார் தப்பு? வீட்டில் கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டுகிறீர்களே, சரியாக உட்கார்ந்தால்தான் பூட்டும். ஒழுங்காக மாட்டினால் மட்டுமே மாட்ட முடிகிற மாதிரி செய்வதை ஜப்பான்காரர்கள் ஒரு மதம் மாதிரி பின்பற்றுகிறார்கள். அடுக்களைக்கு வந்த அறிவு அச்சுக்கு வர இத்தனை நாளா?

‘கழற்ற எளிதாகச் செய்தால் கண்டவனும் கழற்றுவான், அது ஆபத்து’ என்பார்கள். நியாயமான வாதம், தட்டிக்கழிக்க மாட்டேன். பின்பக்கப் பிரேக் சேம்பருக்குள் பார்க்கிங் பிரேக்குக்காக ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு டன் விசை. விவரம் தெரியாமல் அந்த டப்பாவைத் திறந்தால் மூடி பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். உலகம் முழுக்க மெக்கானிக்குகள் இதில் செத்திருக்கிறார்கள். அதற்கு வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள்? போல்ட் போட்ட வளையத்துக்குப் பதிலாக, திறக்கவே முடியாதபடி மூடியை மடித்து இறுக்கினார்கள். ஸ்பிரிங்கை முதலில் பூட்டிவைக்க ஒரு நீள போல்ட்டைக் கொடுத்து, அதை வைக்கச் சேம்பரின் பக்கத்திலேயே ஒரு இடமும் செய்தார்கள். கும்பிடுகிறேன் அவர்களை! எதை மூட வேண்டும், எதைத் திறக்க விட வேண்டும் என்று அடியில் படுக்கிறவரின் உயிரை நினைத்து யோசித்திருக்கிறார்கள். அதே யோசனையை மற்ற பாகத்துக்கும் காட்டுங்கள் என்றுதானே கேட்கிறேன். (அந்த நீள போல்ட் எங்கே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “அது எந்த வண்டியிலயும் இருக்காது சார், நான் சொந்தமா ஒண்ணு வெச்சிருக்கேன்” என்றார். இது லாரி ஓனர்களுக்கு.)

‘கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதானே?’ என்று இன்னொரு கேள்வி. போகலாம். லோடு ஏற்றிய லாரி, லைனர் தேய்ந்த லாரி, சர்வீஸ் சென்டர் வரைக்கும் எந்தப் பிரேக்கில் போவது? கரும்பு சீசனில் கச்சிராயபாளையத்துக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் சர்க்கரை ஆலைக்கு வரிசை கட்டி நிற்கிற லாரிகள், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறி இறங்குகிற வண்டிகள், எல்லாம் பிரேக்கைப் பார்க்க நகரத்துக்கா போகும்? இந்த நாட்டில் லாரியின் ஆஸ்பத்திரி ரோட்டோரம்தான். அதை ஒப்புக்கொண்டு வடிவமைப்பதுதான் நேர்மை. இல்லாத நாட்டுக்கு லாரி செய்துவிட்டு, இருக்கிற நாட்டின் மெக்கானிக்கைத் திட்டாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இது வேறு எங்கோ ஜெர்மனியில் தீர்மானிக்கப்படும் விஷயம் இல்லை. லாரி எண்ணூரில் ஆகிறது. பிரேக் சாமான்கள் பாடியிலும் அம்பத்தூரிலும் தயாராகின்றன. லாரிக்கு பாடி கட்டுவது நாமக்கல். வண்டிகளைச் சோதிக்க ஒரகடத்தில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம். உலகத்துக்கே பிரேக் பாகம் அனுப்புகிற ஊர் சென்னை. திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து எலவனாசூர்கோட்டை நாலு மணி நேரம். வருகிறார்களா?

சோதனைகளைப் பாருங்கள். புது வண்டி விற்பனைக்கு வருமுன் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளக்கிறார்கள். ஐரோப்பிய விதியில், 6 சதவிகித இறக்கத்தில் 6 கிலோமீட்டர் இறங்குவதற்குச் சமமான சூட்டில் பிரேக் தாங்குகிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். எல்லாம் புது மாப்பிள்ளையாக இருக்கும்போது. அதே ஐரோப்பிய விதியில் இன்னொரு வரி இருக்கிறது. லைனர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சக்கரத்தைக் கழற்றாமல், வெளியிலிருந்தோ அடியிலிருந்தோ எளிதில் பார்க்க வழி இருக்க வேண்டும். சின்ன வரிதான். எவ்வளவு பெரிய மனசு! நம் வண்டிகளிலும் தூசி மூடியில் அதற்கு ஒரு ஓட்டையும், அதை அடைக்க ஒரு ரப்பர் மூடியும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த லாரியில் மூடியைக் காணோம், ஓட்டை முழுக்கச் சேறு. சேறு காய்ந்து செங்கல்லாகியிருந்தது. எட்டிப் பார்க்க வைத்த ஓட்டையையும் ஒரு தலை நுழையாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கிரீஸ் நிப்பிளும் அப்படித்தான். கேம்ஷாஃப்ட் புஷ்ஷுக்கு கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கிறது. கிரீஸ் கன் உள்ளே போகாது. ஆக, கிரீஸ் அடிக்கவில்லை. ஆக, புஷ் தேய்ந்தது. ஆக, கேம் ஷூவைத் தள்ளுவதற்குப் பதிலாகத் தானே ஆடுகிறது. முப்பது ரூபாய் கிரீஸுக்கு வழி விடாததால் ஒரு நாள் வேலை. ஏ.பி.எஸ். 2015 முதல் கனரக வண்டிகளுக்குக் கட்டாயம், நல்ல காரியம். ஹப்பை இறக்கும்போதெல்லாம் அதன் சென்சார் ஒயர் அறுபடுகிறது. டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. “என்ன பண்ணுவீங்க?” என்றேன். பையன் சிரித்தான். “பல்ப கழட்டிருவாங்க சார்.” மேஸ்திரி அவனை முறைத்தார்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய ஆசை இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்கிறார்கள் இல்லையா? அதே மாதிரி, ‘பின் அச்சில் பிரேக் ஷூ மாற்ற எத்தனை நிமிஷம்’ என்று ஒவ்வொரு லாரிக்கும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அளப்பது சோதனை மையத்தின் பளபளப்பான தரையில் வேண்டாம். ஒரு ஜாக்கி, சாதாரண ஸ்பானர் செட், இரண்டு ஆள், லோடு ஏற்றிய வண்டி. சேறும் கொஞ்சம் அப்பிக்கொள்ளுங்கள். ஓனர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வண்டி வாங்குவார்கள். லாரி ஓனருக்கு விதிமுறை புரியாமல் போகலாம், ஒரு நாள் வண்டி நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பது தூக்கத்திலும் தெரியும். எஃப்.சி. என்று புது பெயின்ட்டையும் ஒளிரும் ஸ்டிக்கரையும் பார்க்கிற நேரத்தில், மிதிக்கச் சொல்லி அந்தக் கம்பி எத்தனை அங்குலம் வருகிறது என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் எஃப்.சி. அந்த ஒரு முறையாவது.

கம்பெனிகளிடம் கேட்பது இன்னும் சின்னது. பிரேக் வரைகிற ஒவ்வொரு இன்ஜினீயரையும் வருஷத்தில் பதினைந்து நாள் இந்த மாதிரி ஒரு பட்டறைக்கு அனுப்புங்கள். பேட்டி எடுக்க வேண்டாம். போட்டோ எடுக்க வேண்டாம். தான் வரைந்த போல்ட்டைத் தானே கழற்றட்டும்.

என் ஸ்டெப்னியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நானும் காற்றுப் பார்க்கவில்லை. ஏன்? டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில், பலகைக்கு அடியில் இருக்கிறது. குனிந்து எடுத்துப் பார்க்க அலுப்பு. பார்க்கக் கஷ்டமாக இருப்பதை மனுஷன் பார்க்க மாட்டான். படித்த நானே இப்படி இருக்கும்போது, பட்டறைக்காரரும் டிரைவரும் ஓனரும் மட்டும் தேவதூதர்களாக இருக்கணும் என்று எதிர்பார்த்து பிரேக் செய்தால் எப்படி?

மணி ஒன்றைத் தாண்டியது. என் டயர் வந்துவிட்டது. லாரியின் வலது பக்கமும் முடிந்து, பையன் சக்கர நட்டுகளை மேலே ஏறி மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

“இடது பக்கம்?” என்று கேட்டேன். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றணும் என்று காலையில் அவரே சொல்லியிருந்தார்.

மேஸ்திரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் செல்போனைப் பார்த்தார். “ஓனர்கிட்ட கேட்டேன் மேஸ்திரி. இதுக்கே அரை நாள் போயிருச்சு, இன்னும் அரை நாள் நிறுத்த முடியாதுன்னுட்டாரு. லோடு இன்னிக்கு ராத்திரி ஓசூர்ல இறங்கணும். திரும்பி வரும்போது பாத்துக்கலாமாம்.”

“திரும்பி வரும்போது காலி வண்டியா?”

“இல்ல சார். அங்கயும் லோடு புக் ஆயிருக்கு.”

ஓசூரிலிருந்து திரும்பி வருவதென்றால் தொப்பூர் இறக்கம்.

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. இடது ஸ்லாக்கை மட்டும் கையால் கொஞ்சம் திருகிவிட்டு வெளியே வந்தார். டிரைவர் வண்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு ஏறினார். வண்டி நகர்வதற்கு முன்னால் மேஸ்திரி ஒரு சாக்பீஸை எடுத்துப் பின்பக்க இடது மட்கார்டில் என்னவோ எழுதினார். கிட்டப் போய்ப் பார்த்தேன்.

‘இடது பாக்கி’.